மூணு பெட்டி பழைய ஜர்னல்: ஒரு டூல்ரூம்காரனோட அனுபவம்

நைட் ஷிப்ட் அலவன்ஸ் பிரச்சனைல இருந்துதான் இத ஆரம்பிக்கணும், ஏன்னா அது வரலன்னா நான் இந்தப் பழைய பேப்பர் பக்கமே திரும்பியிருக்க மாட்டேன். நான் கோயம்புத்தூர் பக்கத்து ஆளு, பாலிடெக்னிக் முடிச்சிட்டு பீளமேட்டுல ஒரு டூல்ரூம்ல, அதாவது உற்பத்திக்கு வேணுங்கற டூல், டை எல்லாம் செய்யுற பட்டறைல, எட்டு வருஷம் வேலை, அப்புறம் வீட்டுக்காரம்மாவுக்கு இங்கிலாந்துல நர்ஸ் வேலை கெடச்சு குடும்பமா கிளம்பி வந்து, கவென்ட்ரில ஒரு ஃபேக்டரில மறுபடியும் அதே லேத், அதே மில்லிங், அதே கிரைண்டிங். சேர்ந்த மொத வாரத்துலயே ஷாப் ஸ்டூவர்ட், அதாவது ஃபேக்டரிக்குள்ள யூனியன் பிரதிநிதியா இருக்குற தொழிலாளி, வந்து யூனியன் ஃபார்ம் நீட்டுனாரு, எல்லாரும் போட்டாங்க, நானும் கையெழுத்து போட்டேன், மாசாமாசம் சந்தா சம்பளத்துல பிடிச்சாங்க, அவ்வளவுதான் நமக்கும் யூனியனுக்கும் இருந்த சம்பந்தம்.

அப்புறம் கம்பெனி கைமாறுச்சு. புதுசா வந்த நிர்வாகம் ஆறு மாசம் அமைதியா இருந்துட்டு, நைட் ஷிப்ட்டுக்கு மூணுல ஒரு பங்கு கூடுதலா குடுக்குறது ஏதோ பழக்கத்துல நடந்துட்டு வருது, எழுத்துல எங்கயும் இல்ல, அதனால அடுத்த ஏப்ரல்ல இருந்து கிடையாதுன்னு நோட்டீஸ் போட்டாங்க. எங்க எல்லாருக்கும் தெரியும் அது ஒப்பந்தம்னு, பழைய ஆளுங்க "எண்பதுகள்ல பேசி முடிச்சதுடா அது"ன்னு அடிச்சு சொன்னாங்க, ஆனா பேப்பர் எங்கன்னு கேட்டா ஒருத்தர் கிட்டயும் இல்ல. யூனியன் ரூம்ல இருந்த ஃபைல் அலமாரி ஒரு தடவ இடம் மாத்துறப்ப காலி பண்ணிட்டாங்களாம். நிர்வாகத்தோட பேசுற மீட்டிங்ல நாங்க அஞ்சு பேர் உக்காந்து "இருந்துச்சு இருந்துச்சு"ன்னு சொல்றதும் அவங்க "காட்டுங்க"ன்னு கேக்குறதுமா ரெண்டு மணி நேரம் போச்சு, அன்னிக்கு நைட் எனக்கு தூக்கமே வரல.

எங்க யூனியன் பிராஞ்ச் மீட்டிங்குக்கு ஒரு பெரியவர் வருவாரு, ரிட்டயர் ஆகி இருவது வருஷத்துக்கு மேல ஆச்சு, ஆனா ஒரு மீட்டிங் விடமாட்டாரு. அவர்தான் "எங்க வீட்டு பரண்ல மூணு பெட்டி கெடக்கு, எங்க அப்பா காலத்துல இருந்து சேத்தது, வந்து தேடிப்பாரு"ன்னாரு. சனிக்கிழம போனோம், நானும் இன்னொரு ஸ்டூவர்டும். பெட்டி நெறைய ஏ.இ.யூ. ஜர்னல், அதாவது அமால்கமேட்டட் இஞ்சினியரிங் யூனியனோட மாசப் பத்திரிகை, முப்பதுகள்ல இருந்து எழுபதுகள் வரைக்கும், அங்கங்க விட்டுப்போயி. ரெண்டாவது பெட்டில அடியில, ஜர்னலுக்கு நடுவுல சொருகி வச்ச ஒரு பழுப்பு கவர்ல, 1988 தேதி போட்டு ரெண்டு பக்கம் டைப் அடிச்ச ஒப்பந்தம், ரெண்டு தரப்பு கையெழுத்தோட. அத எடுத்தப்ப என் கை நடுங்குச்சு, உண்மையாவே சொல்றேன்.

முழுசா ஜெயிக்கல. ஏற்கனவே வேலைல இருந்தவங்களுக்கு அலவன்ஸ் தொடரும்னு எழுதி வாங்குனோம், புதுசா சேர்றவங்களுக்கு குறைச்ச ரேட்டுதான்னு முடிஞ்சுது. அது இன்னிக்கும் எனக்கு உறுத்துது, ஒரே மெஷின்ல ஒரே ராத்திரில ரெண்டு பேர் ரெண்டு சம்பளம். ஆனா அந்த கவர் இல்லன்னா அதுவும் இல்ல.

அந்தப் பெட்டி மூணையும் பெரியவர் என்கிட்டயே குடுத்துட்டாரு, நான் போனா என் பசங்க இத குப்பைல போட்டுருவாங்கன்னு. அதுக்கப்புறம் ஒண்ணே கால் வருஷம் கிட்டத்தட்ட, ஷிப்ட் முடிஞ்சு வந்து அத படிச்சு, அடுக்கி, விட்டுப்போனத தேடி வாரிக் யூனிவர்சிட்டில இருக்குற மாடர்ன் ரெக்கார்ட்ஸ் சென்டர்ங்கற ஆவணக் காப்பகத்துக்கு நடையா நடந்து, நான் கத்துக்கிட்டததான் இங்க எழுதுறேன். உங்க யூனியன், உங்க சங்கம், ஊர்ல இருக்குற பழைய கூட்டுறவு சங்கம், எதோட பேப்பர் உங்க கைக்கு வந்தாலும் இது பயன்படும்னு நம்பி எழுதுறேன்.

மொதல்ல ஒரு வார்த்தைய தெளிவா சொல்லிடுறேன், நம்ம ஆளுங்களுக்கு இதுல கண்டிப்பா குழப்பம் வரும். நம்ம ஊர்ல இஞ்சினியர்னா பி.இ. படிச்சவரு. இங்க அந்தக் காலத்துல யூனியன்காரங்க இஞ்சினியர்னு சொன்னது ஃபிட்டர், டர்னர், பேட்டர்ன் மேக்கர், மில்ரைட், கொல்லுப்பட்டறை ஸ்மித், இவங்களத்தான். நீராவி இஞ்சின் செய்யுறவன் இஞ்சினியர், அப்படி வந்த பேரு. இது தெரியாம நான் மொத பெட்டிய பெரிய படிப்பு படிச்சவங்களோட சங்கம்னு நெனச்சு பாதி படிச்சேன்.

இந்த யூனியனோட வேர் 1826, மான்செஸ்டர்ல ஸ்டீம் இஞ்சின் தொழிலாளிங்க ஆரம்பிச்ச ஒரு உதவிச் சங்கம், ஓல்ட் மெக்கானிக்ஸ்னு கூப்பிடுவாங்க. அந்த மாதிரி சின்னச் சின்ன சங்கம் ஊருக்கு ஊர் இருந்துச்சு. 1850 செப்டம்பர்ல பர்மிங்ஹாம்ல கூடிப் பேசி, 1851 ஜனவரில அமால்கமேட்டட் சொசைட்டி ஆஃப் இஞ்சினியர்ஸ்னு ஒண்ணாச்சு, சுருக்கமா ஏ.எஸ்.இ. முன்னாடி நின்னது ரெண்டு பேர், வில்லியம் ஆலன், வில்லியம் நியூட்டன். ஆலன் அயர்லாந்தோட வடக்குப் பகுதில பொறந்தவரு, க்ரூ ரயில்வே ஒர்க்‌ஷாப்புல வேலை பாத்தவரு, ஜெனரல் செக்ரெட்டரியா 1851ல உக்காந்தவரு 1874ல சாகுற வரைக்கும் அந்த நாற்காலிலதான் இருந்தாரு. நியூட்டன் பேச்சாளர், எழுத்தாளர், 'தி ஆப்பரேட்டிவ்'னு வாரப் பத்திரிகை நடத்துனவரு, 1852ல லண்டன் டவர் ஹாம்லெட்ஸ்ல பார்லிமெண்ட் எலக்‌ஷன்ல தொழிலாளியாவே நின்னு ஆயிரத்துச் சொச்சம் ஓட்டு வாங்குனாரு, அப்போ ஓட்டுரிமையே பெரும்பாலான தொழிலாளிக்கு கிடையாதுங்கறத மனசுல வச்சுக்கோங்க.

நான் மொதல்ல நியூட்டன் மாதிரி ஆளத்தான் தேடுனேன், ஜர்னல்னா அங்க இருந்துதான் வந்திருக்கும், எழுத்தாளன் கிட்ட இருந்துன்னு. ஆனா படிக்கப் படிக்க எனக்குப் புரிஞ்சது வேற, இந்த யூனியன்ல பத்திரிகையோட அம்மா கணக்குப் புத்தகம். எப்படின்னா, சந்தா வாரம் 1 ஷில்லிங், அந்தக் காலத்துக்கு பெரிய தொகை. அதுக்கு பதிலா வேலை போனா வாரம் 10 ஷில்லிங், நோய்னா உதவி, வயசானா பென்ஷன், செத்தா அடக்கச் செலவு. இந்தக் காச ஒரு பெரிய ஆபீஸ்ல குவிக்கல, ஒவ்வொரு பிராஞ்சும் தன் காச தானே வச்சிருக்கும், வருஷக் கடைசில எல்லா பிராஞ்சோட காசையும் தலைக்கு இவ்வளவுன்னு சரிசமமா பிரிச்சு, கூட வச்சிருக்குற பிராஞ்ச் குறைய வச்சிருக்குறதுக்கு அனுப்பணும். யோசிச்சுப் பாருங்க, லண்டன்ல இருக்குறவன் காசு, அவன் மொகமே பாக்காத கிளாஸ்கோக்காரன் கைல. நம்பிக்கை எங்க இருந்து வரும்? எந்த பிராஞ்ச் எவ்வளவு வாங்குச்சு, யாருக்கு எதுக்கு குடுத்துச்சு, மிச்சம் எவ்வளவுன்னு அச்சடிச்சு எல்லாருக்கும் அனுப்பணும். அப்படி வந்ததுதான் மாசாந்திர அறிக்கை, வருஷாந்திர அறிக்கை. அந்த அறிக்கைங்க கொஞ்சம் கொஞ்சமா வளந்து 1890கள் கடைசில, ஜார்ஜ் பார்ன்ஸ் ஜெனரல் செக்ரெட்டரியா இருந்தப்ப, கட்டுரை, கடிதம், விவாதம் எல்லாம் இருக்குற மாசப் பத்திரிகையா ஆச்சு.

இது புரிஞ்சதுக்கப்புறம் நான் படிக்கிற விதமே மாறிடுச்சு. முன்னாடி தலையங்கத்த படிச்சிட்டு மிச்சத்த புரட்டிட்டு போவேன். தலையங்கம் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும், ஒற்றுமையா இருங்க, சந்தா கட்டுங்க, விழிப்பா இருங்கன்னு. விஷயம் இருக்குறது பின்னாடி பொடி எழுத்துல. மாவட்ட அமைப்பாளர் அறிக்கை, நிர்வாகக் குழு முடிவுச் சுருக்கம், இறந்தவங்க பட்டியல், எலக்‌ஷன் ரிசல்ட். இதுல எல்லாம் யாரும் யாருக்காகவும் அலங்காரமா எழுதல, கணக்கு காட்ட எழுதுனது, அதனாலயே அது உண்மைக்குப் பக்கத்துல இருக்கு. வேலையில்லாதவங்களுக்கு குடுத்த காசு எந்த வருஷம் ஏறுதுன்னு மட்டும் பாத்தா போதும், பொருளாதாரப் புத்தகமே வேண்டாம், 1879 எவ்வளவு மோசமான வருஷம்னு அந்த ஒரு கணக்கு வரிசையே சொல்லிடும்.

அதே மாதிரி எதிர்பாராத எடத்துல பெரிய விஷயம் கெடக்கும். 1859ல லண்டன்ல கட்டிட வேலைக்காரங்க 9 மணி நேர வேலை கேட்டு கதவடைப்புல, அதாவது முதலாளிங்களே வேலைக்கு விடாம கதவ மூடுறதுல, மாட்டிக்கிட்டப்ப, ஏ.எஸ்.இ. அவங்களுக்கு வாரம் 1000 பவுண்டுன்னு மூணு வாரம் குடுத்துச்சு. தொழில் வேற, சங்கம் வேற, ஆனா குடுத்துச்சு. கொத்தனாருக்கு ஃபிட்டர் குடுத்த காசு அது, இத நெனச்சா இப்பவும் எனக்கு மனசு நெறையும்.

மாடர்ன் ரெக்கார்ட்ஸ் சென்டர் பத்தி சொல்லிடுறேன், ஏன்னா நான் ரெண்டு வருஷம் அந்த யூனிவர்சிட்டிய தாண்டித்தான் பஸ்ல போயிட்டு இருந்தேன், உள்ள என்ன இருக்குன்னே தெரியாது. அது மாணவர்களுக்கு மட்டும் இல்ல, யாரு வேணா போலாம், காசு கிடையாது. முன்னாடியே எழுதி என்ன பாக்கணும்னு சொல்லிட்டா எடுத்து வைப்பாங்க. பேனா உள்ள விடமாட்டாங்க, பென்சில் மட்டும்தான், பைய லாக்கர்ல வைக்கணும். நான் மொத நாள் கிரீஸ் கறை போகாத விரலோட போயி கூச்சப்பட்டு நின்னேன், அங்க இருந்த அம்மா கைய சோப்பு போட்டு கழுவி நல்லா காயவச்சுட்டு வாங்க போதும்னாங்க. ரெண்டு மூணு தடவ போனதுக்கப்புறம் அவங்களே, இது பாத்தீங்களா அது பாத்தீங்களான்னு எடுத்துக் குடுக்க ஆரம்பிச்சாங்க. ஆகவே, படிச்சவங்க எடம்னு ஒதுங்காதீங்க, அந்தப் பேப்பர் எல்லாம் நம்ம மாதிரி ஆளுங்க எழுதுனது.

அங்கதான் 1852 பத்தி படிச்சேன். யூனியன் ஆரம்பிச்சு ஒரே வருஷம், வழக்கமா ஓவர்டைம் பாக்கச் சொல்றதையும் பீஸ் ரேட்டையும், அதாவது செஞ்ச உருப்படிக்கு இவ்வளவுன்னு கூலி குடுக்குறதையும், ஒத்துக்க முடியாதுன்னு உறுப்பினர்கள் சொன்னாங்க, முதலாளிங்க சேர்ந்து 1852 ஜனவரி 10ல லண்டன்லயும் லங்காஷயர்லயும் கதவச் சாத்திட்டாங்க. மூணு மாசம். திரும்பி வரணும்னா யூனியன்ல இல்லன்னு ஒரு பத்திரத்துல கையெழுத்து போடணும். குடும்பம் பட்டினி, வேற வழியில்லாம நெறைய பேர் போட்டாங்க, போட்டுட்டு யூனியன விடல. மிரட்டி வாங்குன வாக்கு கட்டுப்படுத்தாதுன்னு முடிவு பண்ணாங்க. ஓவர்டைம் பிரச்சனைய நெனச்சப்ப எனக்கு எங்க நைட் ஷிப்ட் மீட்டிங்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு, மேஜைக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் அதே மாதிரிதான் உக்காந்திருப்பாங்க. அந்தத் தோல்வில நொந்து போன சில பேர் ஆஸ்திரேலியாவுக்கு கப்பல் ஏறுனாங்க, கப்பல்லயே சிட்னி பிராஞ்ச ஆரம்பிச்சிட்டாங்க, ஃபிரான்சஸ் வாக்கர்ங்கறது கப்பல் பேரு. கரைல எறங்குறதுக்கு முன்னாடியே செக்ரெட்டரி தேர்ந்தெடுத்து கணக்கு எழுத ஆரம்பிச்சவங்க! வேற ஊருக்குப் பொழைக்க வந்தவனுக்கு அது எப்படிப்பட்ட துணையா இருந்திருக்கும்னு எனக்குத் தெரியும்.

1871 நியூகாசில் ஸ்ட்ரைக்ல ஜான் பர்னெட்டும் அவரோட இருந்தவங்களும் 9 மணி நேர வேலைய ஜெயிச்சாங்க. 1897ல 8 மணி நேரம் கேட்டு தோத்தாங்க, ஜூலைல ஆரம்பிச்ச கதவடைப்பு 1898 ஜனவரி வரைக்கும் ஆறு மாசத்துக்கு மேல இழுத்துச்சு. தோத்ததோட விளைவா, ஃபேக்டரிய எப்படி நடத்தணும்ங்கறது முதலாளி உரிமைன்னு எழுதிக் குடுக்க வேண்டியதாச்சு. 1922ல மறுபடியும் அதே கேள்வி, ஓவர்டைம் எப்ப வேணும்னு யார் முடிவு பண்றது, மறுபடியும் கதவடைப்பு, 2 லட்சத்து 60 ஆயிரம் உறுப்பினர்கள் வெளில, மறுபடியும் தோல்வி. 1852, 1897, 1922, மூணுலயும் மேல் விஷயம் வேற வேற, அடி விஷயம் ஒண்ணுதான், மெஷின யாரு ஓட்டணும் எவ்வளவு நேரம் ஓட்டணும்னு யார் சொல்றது. 1920ல ஏ.எஸ்.இ. இன்னும் ஒன்பது சங்கத்தோட சேர்ந்து ஏ.இ.யூ. ஆனப்ப நாலரை லட்சம் பேர் கிட்ட இருந்த யூனியன், முப்பதுகள் ஆரம்பத்துல பாதிக்கும் கீழ வந்துச்சு. எங்க பெட்டில இருந்த ஆகப் பழைய இதழுங்க அந்தக் காலத்துதான், காகிதமே மெலிசா இருக்கும்.

இதுல ஒரு பேர் எனக்கு ரொம்ப நெருக்கமாச்சு, டாம் மேன். இங்க வந்த புதுசுல நாங்க வீடு எடுத்தது ஃபோல்ஷில்ல, நம்ம நாட்டுக்காரங்க நெறைய பேர் இருக்குற ஏரியா, மளிகைக் கடைல கறிவேப்பிலை கெடைக்கும்னு அங்க போனோம். டாம் மேன் பொறந்தது அதே ஃபோல்ஷில், 1856ல. ஏ.எஸ்.இ. உறுப்பினர், 1889 லண்டன் துறைமுக ஸ்ட்ரைக்ல முன்னணில நின்னவரு, 1892ல ஜெனரல் செக்ரெட்டரி எலக்‌ஷன்ல ஆயிரத்துக்கும் கம்மியான ஓட்டுல தோத்தவரு, அப்புறம் 1919ல அறுவது வயசுக்கு மேல ஜெயிச்சு ஏ.இ.யூ.வோட மொத ஜெனரல் செக்ரெட்டரி ஆனாரு. இதெல்லாம் தெரியாம நாலு வருஷம் அந்தத் தெருவுல நடந்திருக்கேன்.

கவென்ட்ரிய பத்தி ஒரு விஷயம் சொல்லாம நகர முடியல, என் தொழில் அது. போர்க்காலத்துல டூல்ரூம் ஆளுங்களுக்கு ஒரு சிக்கல், பீஸ் ரேட்ல உற்பத்தில இருக்குறவங்க நெறைய சம்பாதிக்கிறாங்க, டூல் செய்யுறவன் மணிக்கூலில நின்னுட்டான், நல்ல கைக்காரங்க எல்லாம் டூல்ரூம விட்டுப் போறாங்க. 1941 ஜனவரில கவென்ட்ரி டூல்ரூம் ஒப்பந்தம் வந்துச்சு, வட்டாரத்துல உற்பத்தில இருக்குற திறமையான தொழிலாளிங்களோட சராசரி வருமானத்துக்கு கீழ டூல்ரூம் ஆளுக்கு குடுக்கக் கூடாதுன்னு. 1940 நவம்பர் 14 ராத்திரி குண்டு போட்டு ஊரே எரிஞ்சு, கதீட்ரல் சாம்பலாகி, ரெண்டு மாசம் கூட ஆகல, அதுக்குள்ள இப்படி ஒரு ஒப்பந்தத்த உக்காந்து பேசி எழுதிருக்காங்க. முப்பது வருஷம் நின்னுச்சு அது, 1971ல முதலாளிங்க தரப்புல முடிச்சிட்டாங்க. மாசாமாசம் அந்த சராசரிய கணக்கு போட்டு சொல்லணும், அந்த நம்பருக்காக டூல்ரூம்ல எல்லாரும் காத்திருப்போம்னு பெரியவர் சொன்னாரு. பெட்டில ஒரு ஜர்னலோட பின் அட்டைல பென்சில்ல பவுண்டு ஷில்லிங் பென்னின்னு நம்பர் வரிசையா எழுதி வச்சிருந்துச்சு, அவங்க அப்பா கையெழுத்து. அத அழிக்காம அப்படியே விட்டுட்டேன். இது ஒரு பாடம், ஓரத்துல எழுதுனத அழுக்குன்னு நெனச்சு ரப்பர் போடாதீங்க, அச்சு வேற எடத்துல கெடைக்கும், அந்தப் பென்சில் கோடு உலகத்துல ஒண்ணுதான்.

பேப்பர் பராமரிப்புல நான் பண்ணுன தப்பையும் சொல்றேன். கிழிஞ்ச பக்கத்துக்கு செல்லோடேப் போட்டேன், நாலு இதழுக்கு. ஆவணக் காப்பகத்துல காட்டுனப்ப அவங்க மொகம் வாடிப்போச்சு, அந்தப் பசை மஞ்சளாகி எழுத்தையே தின்னுடுமாம், எடுக்கவும் முடியாது. லேமினேஷன் அதவிட மோசம். கிழிஞ்சத கிழிஞ்சபடியே ஒரு நல்ல காகித உறைல வைக்கிறதுதான் சரி. துருப்பிடிச்ச கிளிப்பையும் பின்னையும் மெதுவா எடுக்கலாம், ஆனா கூட்டிப் பிடிச்சிருந்த பேப்பர் எதெதுன்னு எழுதி வச்சுட்டுதான் எடுக்கணும். பெட்டிய திறந்தவுடனே எல்லாத்தையும் கொட்டி தேதி வாரியா அடுக்கிட்டேன், அதுவும் தப்பு, எதோட எது இருந்துச்சுங்கறது போயிடுச்சு. அந்த 1988 ஒப்பந்தம் எந்த இதழுக்கு நடுவுல இருந்துச்சுன்னு இன்னிக்கு யாராவது கேட்டா எனக்கு பதில் இல்ல. மொதல்ல இருக்குறபடியே ஃபோன்ல ஒவ்வொரு அடுக்கா படம் எடுத்துக்கோங்க, அப்புறமா தொடுங்க. ஈரம் இருந்தா வெயில்ல போடாம நிழல்ல காத்தாட விடுங்க, கராஜ்ல வைக்காதீங்க, பரண விட பீரோவுக்கு அடில இருக்குறது மேல்.

ஸ்கேன் பண்றதப் பத்தி நெறைய பேர் கேக்குறாங்க. ஃபோன் போதும், ஜன்னல் வெளிச்சத்துல, ஃபிளாஷ் இல்லாம. ஆனா ஃபைலுக்கு பேர் வைக்கிறதுல சோம்பல் படாதீங்க, வருஷம் மாசம் பக்கம் மூணும் பேர்லயே வரணும், இல்லன்னா ரெண்டாயிரம் படம் எடுத்து வச்சிட்டு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு நோட்டு போட்டு எந்த எந்த இதழ் இல்லங்கறதயும் எழுதுங்க, இருக்குறத விட இல்லாததோட பட்டியல்தான் பிற்பாடு உதவுச்சு. அதோட, நெட்ல போடுறதுக்கு முன்னாடி யோசிக்கணும், அந்தப் பொடி எழுத்துல யாரு நோய் உதவி வாங்குனாங்க, யாரு சந்தா கட்டாம நீக்கப்பட்டாங்கன்னு பேரோட இருக்கும், அவங்க பிள்ளைங்க இதே ஊர்ல இருப்பாங்க.

இன்னொன்னு, பத்திரிகைல யாரு இல்லன்னு பாக்கணும். ரொம்ப நாள் எனக்கு இது தோணல, என் வீட்டுக்காரம்மாதான் ஒரு நாள் டேபிள்ல இருந்தத புரட்டிப் பாத்துட்டு "ஏங்க, இதுல ஒரு பொம்பள பேரு கூட இல்லையே"ன்னு கேட்டா. அவ கேட்டதுக்கப்புறம்தான் தேட ஆரம்பிச்சேன். ஆரம்பத்துல அஞ்சு வருஷம் தொழில் பழகுன கைக்காரனுக்கு மட்டும்தான் இந்தச் சங்கம், எடுபிடி ஆளுக்கு எடமில்ல. 1926லதான் எல்லாத் தரத்து ஆண்களுக்கும் கதவு திறந்துச்சு. பெண்கள் மொத உலகப் போர்லயே பீரங்கிக் குண்டு செய்யுற ஷெல் ஃபேக்டரிலயும் லேத்துலயும் ஆயிரக்கணக்குல வேலை பாத்தாங்க, ஆனா ஏ.எஸ்.இ. அவங்கள சேத்துக்கல, மேரி மெக்கார்தர் நடத்துன பெண் தொழிலாளர் சம்மேளனத்தோட ஒரு ஒப்பந்தம் போட்டுக்கிச்சு. உள்ள சேத்தது 1943 ஜனவரி. யூனியனுக்கு 92 வயசு அப்போ. அதே வருஷம் கிளாஸ்கோ பக்கம் ஹில்லிங்டன்ல ரோல்ஸ் ராய்ஸ் ஃபேக்டரில பெண்கள் சம்பளத் தரத்துக்காக ஆயிரக்கணக்கான பேர் ஸ்ட்ரைக் பண்ணாங்க, ஆண்களும் கூட நின்னாங்க. நான் நேசிக்கிற யூனியன், ஆனாலும் இது தப்பு, 92 வருஷத் தப்பு, இத மறைச்சு எழுத எனக்கு மனசு வரல. எங்க ஃபேக்டரில புதுசா சேர்றவனுக்கு குறைச்ச ரேட்டுன்னு நாங்க ஒத்துக்கிட்டதும் அந்த வகைதானேன்னு நெனச்சுப் பாத்து நெறைய நாள் வருத்தப்பட்டிருக்கேன்.

ஏ.எஸ்.இ.யோட சின்னம் ஒண்ணு இருக்கு, ஜேம்ஸ் ஷார்ப்பிள்ஸ்னு ஒரு கொல்லர் வரைஞ்சது, தானா ஓவியம் கத்துக்கிட்ட பட்டறைத் தொழிலாளி. அதுல போர்க்கடவுள் மார்ஸ் ஒடஞ்ச வாளோட வந்து சரி பண்ணிக் குடுன்னு கேக்குறாரு, கொல்லர் முடியாதுன்னு சொல்றாரு. கீழ 'ஒற்றுமையாகவும் உழைப்போடும் இருங்கள்'னு அர்த்தம் வர்ற வரி. உறுப்பினர் சான்றிதழா இத ஃபிரேம் போட்டு வீட்டுல மாட்டுவாங்களாம். பெரியவர் வீட்டு ஹால்ல அவர் தாத்தாவோடது இன்னும் தொங்குது, சுவர்ல அது இருந்த எடம் மட்டும் பெயிண்ட் நிறம் வேற.

யூனியன் பேர் மாறிக்கிட்டே வந்த கதை நீளமானது, ஃபவுண்ட்ரி தொழிலாளிங்களோட சேர்ந்தது, வரைபடக்காரங்களோட சேர்ந்தது, 1992ல எலெக்ட்ரீஷியன்களோட, 2001ல அமிக்கஸ், 2007ல யுனைட். ஒவ்வொரு இணைப்புலயும் ஆபீஸ் காலி பண்ணுவாங்க, அப்பதான் பேப்பர் தொலையும், இத அனுபவத்துல சொல்றேன். உங்க சங்கம் எடம் மாறப்போவுதுன்னு கேள்விப்பட்டா அன்னிக்கே போயி அலமாரி பக்கத்துல நில்லுங்க.

பெட்டிய என்ன பண்ணோம்னா, பெரியவர் சம்மதத்தோட பிராஞ்ச்ல தீர்மானம் போட்டு, காப்பகத்துக்கு குடுக்கப் போனோம். அங்க ஏற்கனவே இருக்குற ஜர்னல அவங்க வேண்டாம்னாங்க, ஆனா பிராஞ்ச் சுற்றறிக்கை, கைல எழுதுன நோட்டு, அந்த பென்சில் கணக்கு இருக்குற இதழ் இதெல்லாம் ஆவலா வாங்கிக்கிட்டாங்க. குடுக்குறப்ப எழுத்துல வாங்கிக்கோங்க, அன்பளிப்பா குடுக்குறோமா, இல்லன்னா பாதுகாக்க மட்டும் குடுக்குறோமாங்கறது தெளிவா இருக்கணும். மிச்ச ஜர்னல் எல்லாம் இப்ப எங்க வீட்டு பீரோவுக்கு அடில.

போன வருஷம் பிராஞ்ச்ல மினிட்ஸ் எழுதுற வேலைய என்கிட்ட குடுத்தாங்க. எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு சரளமா வராது, மொத மாசம் தயங்குனேன், பெரியவர்தான் "எங்க அப்பாவுக்கும் ஸ்பெல்லிங் வராது, அவர் எழுதுனததான் நீ படிச்ச"ன்னு சொன்னாரு. யார் வந்தாங்க, என்ன கேட்டாங்க, என்ன முடிவு, எவ்வளவு காசு, தேதி. ரெண்டு காப்பி, ஒண்ணு பிராஞ்ச் ஃபைல்ல, ஒண்ணு எங்க வீட்டுல. மார்ச் மாசம் நைட் ஷிப்ட்ல புதுசா சேர்ந்த ஒரு பையன் எழுந்து, எங்களுக்கு மட்டும் ஏன் ரேட் கம்மின்னு கேட்டான். அவன் பேரு, அவன் கேட்ட கேள்வி, அவன் வார்த்தைலயே எழுதிருக்கேன். ஜூன் மாசப் பேச்சுவார்த்தைல அத மொத விஷயமா வைக்கிறதுன்னு முடிவாச்சு, அதுவும் எழுதிருக்கு.